முதலில் உட்கார்ந்த மாத்திரை

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறாரா?"

டாக்டரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் கேமராக்காவுக்கு நாலு பேர் நடுவில் நிற்க வைத்து மானத்தை வாங்கிய மாதிரி இருந்தது.

கேமராக்கா என்பது தெரு வைத்த பெயர். தெருமுனை வீட்டின் மாடி ஜன்னலில் அவர் வந்து நின்றால் போதும். யார் வீட்டுக்குப் புது கட்டில் வந்தது, எந்த மருமகள் பெட்டியோடு ஆட்டோ ஏறினாள், போன வாரம்வரை பேசாமல் இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் எந்த மதில் ஓரமாக நின்று ராசியானார்கள் என்று எல்லாம் பதிவாகிவிடும். பதிவானதைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்வதை அவர் ஒரு பொதுச்சேவையாகச் செய்துவந்தார். அப்படிப்பட்டவரைப் பார்த்து, உங்கள் வீட்டுக்காரர் மாத்திரை விழுங்குகிறாரா என்று ஒரு சின்ன வயசு டாக்டர் கேட்டால் பொறுக்குமா.

"நான்தான் குடுக்கறேன் டாக்டர். என் கையால எடுத்து, அவர் கையில வச்சு, தண்ணி டம்ளரையும் நானே நீட்டி. முழுங்கின பிறகுதான் நகருவேன்."

டாக்டரம்மா மேசை மேல் இருந்த தாளைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தார். பக்கத்து நாற்காலியில் கேமராக்காவின் வீட்டுக்காரர், தெருக்கோடியில் சலூன் வைத்திருப்பவர், தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்த மனிதர். இடது காலிலிருந்து ரத்தக்குழாயை உருவி எடுத்து, இதயத்தில் அடைத்துப்போன இடங்களுக்குச் சுற்றுவழி போட்டிருந்தார்கள். தையல் எல்லாம் ஆறி, பழையபடி கடை திறந்து கத்தரியும் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. ஆபரேஷன் முடிஞ்சவங்க எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை பண்றோம்," என்றார் டாக்டரம்மா. "ரத்தத்துல தட்டணுன்னு பொடிப்பொடியா இருக்கும். அடிபட்டா அதுங்கதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ரத்தத்தை நிறுத்தும். நல்ல விஷயம்தான். ஆனா நாங்க வச்ச புதுக் குழாய்க்குள்ள போய் ஒட்டிக்கிட்டா, குழாய் அடைச்சுக்கும். ஒட்டாம இருக்கத்தான் அந்தச் சின்ன மாத்திரை. இவருக்கு அது வேலையே செய்யலை. மாத்திரை சாப்பிடாத ஆளோட ரத்தம் மாதிரி இருக்கு."

"அப்போ மாத்திரை சரியில்ல."

"இருக்கலாம். வேற ஏதாவது மாத்திரை, மருந்து எடுத்துக்கறாரா?"

கேள்வி சலூன்காரரைப் பார்த்துத்தான் வந்தது. அவரும் வாயைத் திறந்தார். "அது வந்து டாக்டர், இந்தக் காலு..."

"எதுவும் கிடையாது டாக்டர்," என்றார் கேமராக்கா. "எனக்குத் தெரியாம எங்க வீட்டுக்குள்ள ஒரு இருமல் மிட்டாய்கூட நுழையாது."

சலூன்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம் அது. வெளியிடங்களில் அவருக்கு என்ன வலிக்கிறது, என்ன பிடிக்கும், எப்போது பசிக்கும் என்பதை எல்லாம் மனைவிதான் சொல்வார். அவருக்கும் அதில் ஒரு சௌகரியம் இருந்தது.

"சிலருக்கு இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச காலம் தட்டணு புதுசு புதுசா உற்பத்தி ஆகிட்டே இருக்கும்," என்றார் டாக்டரம்மா. "காலையில போட்ட மாத்திரை பழைய தட்டணுவை மடக்கும். அதுக்கப்புறம் பிறந்தது எல்லாம் துள்ளிக்கிட்டுத் திரியும். அதனால காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு குடுத்துப் பார்ப்போம். திரும்பவும் ரத்தம் எடுக்கலாம்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது. நாத்தனார். சலூன்காரருக்கு மூத்தவர், வேறு ஊரில் இருந்தபடியே தம்பியின் இதயத்தை நிர்வகித்துவந்தவர்.

"என்ன சொன்னாங்க?"

"மாத்திரை பிடிக்கலையாம் அண்ணி. ரெண்டு வேளை ஆக்கிருக்காங்க."

"மாத்திரை பிடிக்கலைன்னா என்ன அர்த்தம்? குடுக்கற விதத்துல குடுத்தா பிடிக்கும். நீ மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டு ஜன்னல்ல நின்னுருப்பே."

கேமராக்கா பல்லைக் கடித்துக்கொண்டார். மாத்திரை நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிடுபவர் அவர். எதிர்வீட்டில் அண்ணன் தம்பி பாத்திரத்தைத் தூக்கி எறிந்து சண்டை போட்ட அன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சண்டை எதற்கு என்பது இன்றுவரை சரியாகத் தெரியாமல் போன வருத்தம் அவருக்கு மட்டும்தான் தெரியும். இந்தத் தியாகத்தை எல்லாம் அண்ணியிடம் சொல்ல முடியுமா.

மறுநாளிலிருந்து வீட்டில் சட்டம் கடுமையானது. காலையில் சலூன்காரர் கடையைத் திறந்து, வேலைக்குப் போகிற அவசரக்காரர்களை முடித்துவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வருவார். சாப்பாடு, பிறகு மாத்திரை. விழுங்கியதும், "வாயைத் திறங்க." திறப்பார். "நாக்கைத் தூக்குங்க." தூக்குவார். "இந்தப் பக்கம் கடைவாய்." கைப்பேசியின் விளக்கைப் போட்டு உள்ளே பார்ப்பார். சாயங்காலமும் கூட்டம் சேர்வதற்குள் ஒருமுறை கூப்பிட்டனுப்பி இதே சோதனை.

"ஊரார் தலையை எல்லாம் நான் திருப்பறேன். என் தலையை நீ திருப்பறே," என்றார் அவர்.

"பேசாதீங்க. பேசினா நாக்கடி தெரியலை."

நடுவில் ஒருநாள் கடையில் பிளேடு மாற்றும்போது விரலைக் கீறிக்கொண்டு வந்தார். சவரம் செய்கிற கடைகளில் படிகாரக் கட்டி இருக்கும். கன்னத்தில் கீறல் விழுந்தால் அதை நனைத்து ஒரு தேய்ப்பு. அதைக்கூட வைக்கவில்லையாம், ரத்தம் தானாக நின்றுவிட்டதாம். விரலை நீட்டிக் காட்டினார். "பாத்தியா. சொன்ன பேச்சைக் கேக்கற ரத்தம். உன்னைவிட என் ரத்தம் எனக்கு அடங்குது."

கேமராக்காவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு உடம்பு எவ்வளவு தேறிவிட்டது தெரியுமா என்று இரண்டு மூன்று வீடுகளுக்குச் சொல்லியும் விட்டார். நிற்கக்கூடாத ரத்தம் நிற்கிறதே என்று அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது அவர் விரலை மறுபடி இழுத்துப் பார்த்தார், கீறல் காய்ந்துபோயிருந்தது. அதற்குள் இரண்டாவது பரிசோதனைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இந்த முறை டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது.

"ரெண்டு வேளை குடுத்தும் அப்படியேதான் இருக்கு. நாங்க இதை இப்படியே விட முடியாது. குழாய் அடைச்சா மறுபடியும் நெஞ்சைத் திறக்கறது சின்ன விஷயம் இல்ல. சமயத்துல அதுக்கு நேரமே இருக்காது." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னும் பலமான மாத்திரை ஒண்ணு சேர்க்கணும். ஆனா இவருக்கு முன்னாடி வயித்துப்புண் வந்து ரத்தம் கசிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கு. அதனால யோசிக்கறேன். இன்னொண்ணு, அதை ஆரம்பிச்சா சின்னக் கீறல்கூட ஆபத்து. கத்தி, பிளேடு பிடிக்கிற வேலை வேணாம்."

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?" என்று சலூன்காரரே கேட்டார். அவர் அந்த அறையில் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

"இப்போ சொல்ல முடியாது. அடுத்த வாரம் வாங்க, முடிவு பண்ணலாம்."

பேருந்தில் திரும்பினார்கள். முன் இருக்கையில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். பின்கழுத்தில் முடி ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. சலூன்காரர் வழி முழுக்க அதையே பார்த்துக்கொண்டு வந்தார். வலது கையில் கத்தரி பிடிக்கும் இரண்டு விரல்களும் மடியில் தானாகத் திறந்து மூடின.

கேமராக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மனுஷன் விழுங்குகிறார். கண்ணால் பார்க்கிறேன். கடைவாய் வரைக்கும் விளக்கடித்துப் பார்க்கிறேன். பிறகும் உள்ளே போன மாத்திரை வேலை செய்யமாட்டேன் என்கிறது என்றால், அது மாத்திரை அல்ல. சுண்ணாம்பு. யாரோ ஏமாற்றுகிறார்கள். யாரோ என்ன யாரோ, அந்த மருந்துக்கடைக்காரர்தான். போன மாதம் கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டாரே, எங்கிருந்து வந்தது.

நிறுத்தத்தில் இறங்கியதும் வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பிவிட்டு நேரே மருந்துக்கடைக்கு நடந்தார்.

சாயங்கால நேரம். கடையில் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கேமராக்கா வரிசையைப் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் பட்டென்று வைத்தார்.

"இது என்ன?"

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "உங்க வீட்டுக்காரரோட நெஞ்சு மாத்திரை."

"நெஞ்சு மாத்திரையா, சாக்பீஸா?"

"அக்கா, கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"எதுக்கு மெதுவா பேசணும்? ரெண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தாச்சு. மாத்திரை சாப்பிடாத ஆள் ரத்தம் மாதிரி இருக்குன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாங்க. நீங்க போலி மாத்திரை குடுத்தா அப்படித்தானே இருக்கும்."

வரிசையில் நின்றவர்கள் தங்கள் கையில் இருந்த அட்டைகளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். மருந்துக்கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. சாதாரணமாக வாய் திறக்காத மனிதர். தெருவில் யாருக்கு என்ன வியாதி என்று முழுசாகத் தெரிந்தும் மூச்சுவிடாதவர். அந்த வகையில் அவருக்கும் கேமராக்காவுக்கும் தொழில்முறையிலேயே ஒத்துப்போகாது.

"என் கடை மாத்திரை போலியா?" என்றார். "அப்படின்னா உங்க வீட்டுக்காரர் வாரா வாரம் இதே கடையில வாங்கிட்டுப் போறாரே கால்வலி மாத்திரை, அது மட்டும் எப்படி அக்கா நல்லா கேக்குது? போட்ட கொஞ்ச நேரத்துல வலி போயிடுதுன்னு அவரே சொன்னாரே."

சொன்ன பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எடை மெஷினில் ஏறி நின்ற பெண் எடை பார்க்காமலேயே இறங்கினாள். தெருவின் சேதி எல்லாம் தன் ஜன்னல் வழியாகப் போய்த்தான் தெருவுக்கு வரும் என்றிருந்த கேமராக்கா, தன் வீட்டுச் சேதியை ஐந்தாறு பேரோடு சேர்ந்து நின்று கேட்டார்.

"எந்தக் கால்வலி மாத்திரை?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

சலூனுக்குள் கேமராக்கா அதுவரை போனதில்லை. வாசலோடு சரி. ஆம்பளைகள் கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் தனக்கு என்ன வேலை என்று நினைப்பவர். அங்கே பேசப்படுவது தன் காதுக்கு எட்டுவதில்லை என்ற ஏக்கம் வேறு. எத்தனையோ முறை ராத்திரி சாப்பாட்டின்போது, இன்னைக்கு யார் வந்தாங்க, என்ன பேசினாங்க என்று கிண்டிப் பார்த்திருக்கிறார். "நாற்காலியில உட்கார்ந்து சொன்னது முடியோட சேர்த்துக் கூட்டித் தள்ளறதுக்குத்தான்" என்பதோடு முடித்துவிடுவார் கணவர். தலையைக் குனிந்து கொடுப்பவன் மனசில் இருப்பதையும் சேர்த்துத்தான் கொடுப்பான், அதை வெளியில் விற்கக்கூடாது என்பது அவர் கடை வழக்கம்.

அன்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கணக்கு வாத்தியார் சுழல் நாற்காலியில் வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டைவிட இந்தக் கடையில்தான் அதிகம் இருப்பவர். பெஞ்சில் இரண்டு பேர் செய்தித்தாளைப் பிரித்துப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்த சலூன்காரரின் கத்தரி அந்தரத்தில் நின்றது.

"டிராயரைத் திறங்க."

"எதுக்கு?"

"திறங்கன்னா திறங்க."

அவர் திறக்கவில்லை. கேமராக்காவே திறந்தார். சீப்பு, பிளேடு பாக்கெட், பவுடர் தட்டும் பிரஷ். படிகாரக் கட்டிக்குப் பின்னால், பாதி காலியான மாத்திரை அட்டை.

"இது யாருக்கு? வர்றவங்களுக்கு சவரம் பண்ணிட்டு மாத்திரையும் குடுக்கறீங்களா?"

பெஞ்சில் இருந்தவர்கள் செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்தினார்கள்.

"கால் தாங்கலை," என்றார் சலூன்காரர். "குழாய் உருவின காலு. காலையில எழுந்து நின்னா முழங்காலுக்குக் கீழே நெருப்பு மாதிரி இழுக்குது. நின்னு செய்யற வேலை இது. கடை திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்கிட்டா நிக்க முடியுது. சாயங்காலம் கூட்டத்துக்கு முன்னாடி ஒண்ணு."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா கடைக்குப் போகாதேம்பே."

"டாக்டர்கிட்ட? அந்தப் பொண்ணு வேற மாத்திரை உண்டான்னு கேட்டாங்களே, வாயில என்ன இருந்துச்சு?"

சலூன்காரர் கத்தரியை மேசை மேல் வைத்தார். "நீதான் கிடையாதுன்னு சொல்லிட்டியே. இருமல் மிட்டாய்கூட நுழையாதுன்னு அவ்வளவு அழுத்தமா சொன்ன பிறகு, நான் இருக்குன்னு சொன்னா உனக்கு என்ன மரியாதை? டாக்டர் முன்னாடி உன்னைப் பொய்க்காரி ஆக்கச் சொல்றியா?"

கேமராக்கா அட்டையை எடுத்துக் கைப்பையில் திணித்தார். புருஷன் தன் மரியாதையைக் காப்பாற்றுவதற்காக உயிரை விடப் பார்த்திருக்கிறார். இதற்கு நெகிழ்வதா, அந்தப் பவுடர் பிரஷை எடுத்து மண்டையில் ஒன்று வைப்பதா என்று தெரியவில்லை.

"அதுவும் இதுவும் ஒண்ணா?" என்றார் சலூன்காரர். "அது நெஞ்சுக்கு, இது காலுக்கு. நெஞ்சு மாத்திரைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?"

"காலை அறுத்துத்தானே நெஞ்சுல வச்சாங்க. சம்பந்தம் இல்லாமலா," என்று சொல்லிவிட்டுக் கேமராக்கா வாத்தியார் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா சார், இவர் மாத்திரை போடறது?"

வாத்தியார் துணிக்குள்ளிருந்து கையை எடுத்து மூக்கைச் சொறிந்துகொண்டார். "டீயோட போடுவாரும்மா. பார்த்திருக்கேன்."

"உங்களுக்கு?" செய்தித்தாள்கள் இரண்டும் லேசாக ஆடின. "எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. ஒருத்தருக்காவது வந்து சொல்லணும்னு தோணலை."

"கடையில பார்த்ததை வெளிய சொல்றதில்லைம்மா," என்றார் வாத்தியார். பிறகு யோசித்து, "அதிலும் உங்ககிட்ட," என்று சேர்த்தார்.

மறுநாளே, கொடுத்த நாள் வரும்வரை காத்திருக்காமல், அந்த அட்டையோடு டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தார். கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தார். படித்தவர்கள் கெட்ட வார்த்தை பேசாமல் இருப்பதற்கு அப்படித்தான் செய்வார்கள் போலும்.

"எப்போ போடுவீங்க?"

"காலையில டாக்டர், கடைக்குப் போறதுக்கு..." என்று கேமராக்கா ஆரம்பித்தார்.

"அம்மா. அவர் சொல்லட்டும்."

கேமராக்கா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். வாயையே அழுத்திப் பிடித்த மாதிரி இருந்தது. சலூன்காரர் சொன்னார். பழக்கமில்லாததால் தட்டுத் தடுமாறித்தான் சொன்னார். காலையில் ஒன்று, வெறும் டீயோடு. பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு, நெஞ்சு மாத்திரை. சாயங்காலமும் அப்படியே, முதலில் கால், பிறகு நெஞ்சு.

"உங்க கடையில எத்தனை நாற்காலி?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டு. ஒண்ணு சுத்தாது. வேலை நடக்கறது ஒண்ணுலதான்."

"அதுல ஒருத்தர் உட்கார்ந்து முகத்துல நுரையும் போட்டாச்சு. அப்போ இன்னொருத்தர் வர்றார். எழுந்திரிக்கச் சொல்வீங்களா?"

"எப்படிச் சொல்ல முடியும்? முதல்ல உட்கார்ந்தவருக்குத்தான்."

"வந்தவருக்குக் காத்திருக்க நேரம் இல்ல, பஸ்ஸைப் பிடிக்கணும்."

"போயிடுவார்."

"தட்டணுவுல ஒரே நாற்காலிதான் இருக்கு. அதுல நெஞ்சு மாத்திரை ஒருதடவை உட்கார்ந்துட்டா, அந்தத் தட்டணு செத்துப்போற வரைக்கும் எழுந்திரிக்காது. அதுக்காகத்தான் அதைக் குடுக்கறதே. ஆனா நீங்க தினமும் கால்வலி மாத்திரையை முன்னாடி அனுப்பி உட்கார வச்சுடறீங்க. நெஞ்சு மாத்திரை வந்து பார்க்குது, இடம் இல்ல. அதால ரத்தத்துல ரொம்ப நேரம் சுத்திக்கிட்டு இருக்க முடியாது, போயிடுது. அப்புறம் கால்வலி மாத்திரையும் மெதுவா எழுந்து போயிடும். நாற்காலி காலி. ரெண்டு வேளையும் இதே கதை. சாயங்காலம் ஒண்ணு சேர்த்துக் குடுத்து நான் பெருசா வைத்தியம் பார்த்தேன்னு நினைச்சுட்டிருந்தேன்."

சலூன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை மாதமாக டாக்டர்கள் சொன்ன எதுவும் அவர் முகத்தில் அந்த வெளிச்சத்தைக் கொண்டுவந்ததில்லை. "அடடா," என்றார் மெல்ல. "அது ரெகுலர் கஸ்டமர். அதைப் போய்த் திருப்பி அனுப்பிட்டேனே."

"அதுமட்டும் இல்ல. இந்த வலி மாத்திரையே இதயத்துக்கும் ஆகாது, உங்க வயித்துப்புண்ணுக்கும் ஆகாது. இனிமே தொடாதீங்க." அட்டையைத் தன் பக்கம் இழுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். "வலிக்கு வேற வகை எழுதறேன், இந்த நாற்காலிப் பக்கமே வராதது. காலுக்கு இறுக்கமான உறை போடுங்க. உட்கார்ந்து வேலை செய்யற மாதிரி உருளை வச்ச ஸ்டூல் ஒண்ணு வாங்குங்க. பலமான மாத்திரையைத் தள்ளி வைக்கறேன். கொஞ்ச நாள் கழிச்சு ரத்தம் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, கத்தியைக் கீழே வைக்கத்தான் வேணும்."

எழுந்தபோது கேமராக்காவைப் பார்த்துச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க அன்னைக்குக் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தா அவர் சொல்லியிருப்பார்."

இதைக் கேமராக்கா யாரிடமும் சொல்லவில்லை. தெருவில் இந்தக் கதையை அவர் சொன்னபோதெல்லாம் டாக்டரம்மா இந்த இடத்தில், நீங்கள் கண்டுபிடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

ஸ்டூல் வந்தது. சலூன்காரர் அதில் உட்கார்ந்து உருண்டபடி, பெரிய பஸ்ஸை ஓட்டுகிற தோரணையில் முடி வெட்டினார். கேமராக்காவும் கடைக்கு வந்தார், தினமும். கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க என்றார். பெஞ்சின் ஓரத்தில் கைப்பையோடு உட்கார்ந்துகொள்வார். அவர் உட்கார்ந்த நாளிலிருந்து கடையில் பேச்சு செத்துவிட்டது. உள்ளே வருகிறவர்கள் வானிலை பற்றிப் பேசினார்கள். அதையும் யோசித்துப் பேசினார்கள்.

"என் வியாபாரத்துல மண்ணைப் போடறே," என்றார் சலூன்காரர்.

"உங்க வாயை நம்பின வரைக்கும் போதும். டிராயர் என் கண்ணு முன்னாடி இருக்கணும்."

"அக்கா வேற காலையில இருந்து மூணு தடவை கூப்பிட்டுட்டா. தம்பி, நான் வந்து ஒரு மாசம் தங்கட்டுமான்னு."

"வரட்டும். இந்தப் பெஞ்சுல இடம் இருக்கு."

ரத்தம் எடுக்க வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் இருந்தது. வாத்தியாருக்கு ஒரு கன்னம் முடிந்து, மறு கன்னத்தில் நுரை போட்டாகிவிட்டது. சலூன்காரர் கத்தியில் பிளேடைச் சரிசெய்தபோது, ஸ்டூல் லேசாக உருண்டது. ஸ் என்று விரலை உதறினார். ஆட்காட்டி விரல் நுனியில் சின்னக் கீறல். சாதாரணமானது. ரத்தம் ஒரு பொட்டாக எட்டிப் பார்த்தது.

துண்டால் துடைத்தார். மறுபடி எட்டிப் பார்த்தது. இன்னொருமுறை துடைத்தார். மறுபடியும். நிதானமாக, அவசரம் எதுவும் இல்லாத ஆள் மாதிரி, அடுத்த பொட்டு கூடி உருண்டு உள்ளங்கைக்கு இறங்கியது. அவர் இடது கையால் படிகாரக் கட்டியைத் தேடினார்.

"வைக்காதீங்க," என்றார் கேமராக்கா.

எப்போது எழுந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கணவரின் மணிக்கட்டைப் பிடித்து விரலை வெளிச்சத்துக்குத் தூக்கினார். ஜன்னலிலிருந்து தெருவைப் பார்க்கிற அதே கண். ஒரு பொட்டு. துடைத்தார். இன்னொன்று.

"விடு, எரியுது."

"எரியட்டும். கொஞ்சம் பார்க்கலாம்."

பெஞ்சில் இருந்தவர்கள் செய்தித்தாளை மடித்துவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். வாத்தியார் துணியோடு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். அத்தனை பேரும் ஒரு விரலைப் பார்த்தார்கள். போன முறை படிகாரம்கூட இல்லாமல் டக்கென்று நின்ற ரத்தம், சொன்ன பேச்சைக் கேட்பதாக இல்லை.

"நிக்கலை," என்றார் வாத்தியார்.

"நிக்கலை சார்," என்றார் கேமராக்கா. கண் கலங்கிவிட்டது. "பாருங்களேன், எவ்வளவு அடங்காம வருது. உட்கார்ந்துடுச்சு. நாற்காலியில உட்கார்ந்துடுச்சு."

இரண்டு நாள் கழித்து எடுத்த ரத்தமும் இதைத்தான் சொன்னது. டாக்டரம்மா பலமான மாத்திரையைப் பற்றி அப்புறம் பேசவில்லை, கத்தியைக் கீழே வைக்கச் சொல்லவும் இல்லை. கையுறை போட்டுக்கொண்டு சவரம் செய்யுங்கள் என்பதோடு விட்டுவிட்டார். ஆனால் கேமராக்காவுக்கு அது பழைய சேதி. ஆஸ்பத்திரிக்கு முன்பே அது தெருவுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

ஏனென்றால் விரல் கீறிய அன்றே, சலூனிலேயே, ஒரு கையால் கணவரின் விரலைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்தபடி, மறு கையால் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துவிட்டார்.

"அண்ணி, நான்தான். ஒரு சந்தோஷமான விஷயம். உங்க தம்பி கையை வெட்டிக்கிட்டாரு, ரத்தம் நிக்கவே மாட்டேங்குது."

மறுமுனையில் எழுந்த ஓலம் கடை முழுக்கக் கேட்டது. கேமராக்கா கைப்பேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"ஐயோ, முழுசா கேளுங்க அண்ணி. யாரையும் பேச விடமாட்டீங்களே நீங்க."

சலூன்காரர் கண்ணாடி வழியாக வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கூரையைப் பார்த்தார். அவருடைய இடது கன்னத்தில் நுரை காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது.